யாழ்தேவியில் வந்த இரண்டு பேர்

கஸ்பர் அண்ணையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பயம். எனக்கும்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இந்தக் கிழமை எனக்கு மட்டும் வந்திருக்கிறது. மணி ஒன்றரை ஆகிறது. நித்திரை வரவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

அவர் போன வருடம், தொண்ணூற்று மூன்று கார்த்திகையில், லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சொந்த இடம் யாழ்ப்பாணம், குருநகர். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்தவர். இருபத்தாறு வயது. என் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையை அவருக்குக் கொடுத்தோம். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். தங்கச்சி அஞ்சலீனா கொழும்பில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருப்பதாகச் சொன்னார். கடிதம் ஒன்றும் வந்ததில்லை. அம்மா விசாரித்தால், அவள் எழுதப் பஞ்சிப்படுவாள் என்பார்.

அகதி விண்ணப்பத்துக்கு இன்டர்வியூ வைப்பார்கள். உண்மையாகவே யாழ்ப்பாணத்து ஆள்தானா என்று பார்க்க, கோட்டை எங்கே, மணிக்கூட்டுக் கோபுரம் எங்கே, கொழும்புக்கு எப்படிப் போவது என்றெல்லாம் கேட்பார்களாம். டூட்டிங் கடைகளில் எல்லாரும் இதையே கதைப்பார்கள். நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு அவரைப் பழக்கவேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் பதினைந்து வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். எனக்கு என்ன தெரியும்? நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். உல்லாசப் பயணிகளுக்கான இலங்கை வழிகாட்டி. அட்டையில் சாய்ந்த தென்னை, நீலக் கடல், தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண். உள்ளே எல்லாம் இருந்தது: இரண்டு பருவமழை, ஒல்லாந்தர் கோட்டை, கீரிமலைக் கேணி, கசூரினா கடற்கரையில் குளிக்க நல்ல மாதங்கள், ரயில் நேரங்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குசினி மேசையில் வைத்துக் கேட்பேன். கோட்டையைப் பற்றிக் கேட்டபோது, அது இப்போது கல்லும் புல்லும்தான் என்றார். நான் விடவில்லை.

“புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லுங்கோ, அண்ணை. அவையும் இப்பிடி ஒண்டைப் பாத்துத்தான் கேப்பினம்.”

“நான் அங்கை பிறந்தனான், தங்கச்சி.”

“நான் இங்கை படிக்கிறன்.”

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு என்னைத் திருத்தவில்லை. புத்தகம் எண்பத்திரண்டில் அச்சடித்தது என்பதை நான் பார்க்கவேயில்லை.

ரயில் பக்கம் மட்டும் அவருக்கு நன்றாகப் பிடித்துப்போனது. யாழ்தேவி காலையில் புறப்படும், சாப்பாட்டுப் பெட்டி உண்டு, வலது பக்கம் இருந்தால் வெயில் படாது. அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். விடிய வேலை முடிந்து வந்து அவர் படுக்கும் நேரத்தில்தான் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கும். கொடிகாமம். பளை. ஆனையிறவு. பரந்தன். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, யாரோ பதில் சொல்லட்டும் என்பதுபோலக் கொஞ்சம் நிற்பார். ஒருநாள் கிளிநொச்சிக்குப் பிறகு, குளிருதோ, யன்னலைப் பூட்டட்டோ என்று மெல்லக் கேட்டார். நான் பையையும் விட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

அம்மா துவைக்க எடுத்த அவருடைய ஜாக்கெட்டில் பஸ் டிக்கெட்டுகள் இருந்தன. எல்லாம் இரண்டிரண்டாக. ஒரே நாள், ஒரே நேரம்.

“என்ன தம்பி, லண்டன் பஸ்ஸில ஒண்டு வாங்கினா ஒண்டு சும்மா குடுக்கிறாங்களோ?” என்றார் அப்பா.

கஸ்பர் அண்ணையும் சேர்ந்து சிரித்தார். பிறகு டிக்கெட்டுகளை வாங்கி, ஈரமாக இருந்ததை ஊதிக் காயவைத்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாசியில் இன்டர்வியூ நடந்தது. சித்திரையில் கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழில் சொல்வது என் வேலை. தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் தங்கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் கொழும்புக்கு வந்ததாக விண்ணப்பதாரர் சொல்கிறார், தொண்ணூறுக்குப் பிறகு அந்த ரயில் ஓடவில்லை, ஆகவே அவர் அங்கே வாழ்ந்தவர் என்று நம்ப இயலாது என்று எழுதியிருந்தது. நம்பவில்லையாம் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். ரயில் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

அப்பீலுக்குப் பத்து நாள்தான். எப்படி வந்தார் என்பதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும் என்று லோயர் வைத்தியநாதன் சொன்னார். பிள்ளை எழுதும் என்றார் அப்பா.

வியாழன் பின்னேரம் சதுர்த்தி என்று அப்பாவும் அம்மாவும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். அப்போது கஸ்பர் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புத்தகம் பழசு, ரயிலால்தான் நம்பவில்லை, என்னால்தான் இவ்வளவும். அழுகை வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை.

“ரெயில் இல்லையெண்டு எனக்குத் தெரியாதோ? தெரிஞ்சுதான் சொன்னனான்.”

ஏன் என்று கேட்டேன்.

“ரெயிலிலை வந்தால் அவளும் வந்து சேருவாள், தங்கச்சி.”

பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னார். கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் படகில் கடந்தார்கள். பதினான்கு பேர். அஞ்சலீனா முன்னுக்கு, சூட்கேசின் மேல். அவருக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. தூரத்தில் ஒரு வெளிச்சம், பிறகு வெடிச் சத்தம். படகோட்டி எஞ்சினை நிறுத்தவில்லை. கரையில் எண்ணியபோது பதினொரு பேர். அவள் விழுந்ததை ஒருவரும் காணவில்லை. இறந்தவர்களுக்காகக் கார்த்திகை மாதம் வைக்கும் பூசைக்கு இங்கே மாதா கோயிலில் பெயர் கேட்டார்களாம். அவர் அஞ்சலீனாவின் பெயரைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவள் அன்றைக்குத்தான் சாவாள் என்றார்.

“படகை எழுதும். நான் தனிய வந்தனான் எண்டு எழுதும். அவளை மட்டும் எழுதவேண்டாம்.”

நான் ஓம் என்றேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் யோசித்தேன். தங்கையோடு வந்ததாக இன்டர்வியூவில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். இப்போது தனியாக வந்தேன் என்றால், அவள் எங்கே என்று கேட்பார்கள். ஒரு பொய்க்கே இப்படி மறுத்தவர்கள் இரண்டாவதை விடுவார்களா? ஆகவே எழுதினேன். படகில் அவள் இருந்தாள், கொல்லப்பட்டாள். இரண்டே வரி. பெயரைக் கண்டால் பிடித்துவிடுவார் என்று பெயரைப் போடவில்லை. ‘சிஸ்டர்’ என்றால் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத இன்னொரு ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடிப் போட்டேன். அவ்வளவு களவாக யோசிக்க எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை.

வெள்ளி காலை வேலையால் வந்தவரிடம் பேப்பரை நீட்டினேன். கண் சிவந்திருந்தது.

“அவளை எழுதேல்லைத்தானே?”

“இல்லை, அண்ணை.”

கையெழுத்து வைத்தார். பள்ளிக்கூடம் போகும் வழியில் லோயரின் கந்தோரில் கொடுத்தேன். பின்னேரம் அவர் அப்பாவுக்குப் போன் எடுத்து, பிள்ளை நன்றாக எழுதியிருக்கிறது, வெல்ல இடமிருக்கிறது என்றாராம். அம்மா எனக்குப் பிடித்த றோல்ஸ் செய்தார். கஸ்பர் அண்ணை எனக்கு நன்றி சொன்னார்.

சாப்பிடும்போதுதான் மிச்சத்தை அப்பா சொன்னார். வழக்கு ஆனி மாதம். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வருவாராம். எழுதிக் கொடுத்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கஸ்பர் அண்ணைக்குத் தமிழில் வாசிப்பாராம். இது எல்லாம் உண்மைதானா என்று கேட்பாராம்.

அவர் ஓம் என்று சொன்னால் இங்கே இருக்கலாம்.