கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

...ஒதுக்கியாச்சு, கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல, இனி நாக்கு சும்மா இருந்தா போதும், ஆனா என் நாக்கு என்னைக்குச் சும்மா இருந்திருக்கு... தண்ணி குடிச்சு தொண்டையை ஏத்தி இறக்கிக் காட்டினேன், முன்வரிசைப் பிள்ளைங்க வாயைப் பொளந்துகிட்டுப் பாக்குதுங்க, பெரிய டீச்சர் கைதட்டச் சொல்றாங்க, தட்டுதுங்க, அடிப்பாவி, எதுக்குடி கைதட்டு வாங்கறே நீ? பிள்ளைங்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்க வந்த நர்ஸு, அதே மாத்திரையை முழுங்காம ஏமாத்திட்டு நிக்கறா, இதை எங்கே போய்ச் சொல்ல. எல்லாம் அந்தத் தையல்காரம்மாவால வந்தது. இன்னும் சில அம்மாமாரைச் சேர்த்துகிட்டு பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னாங்க, வேற எங்கேயோ பிள்ளைங்க இதைத் தின்னுட்டு வாந்தி எடுத்துச்சாமே, முதல்ல நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க, அப்புறம் எங்க பிள்ளைங்களுக்குக் கொடுங்கன்னாங்க. கேட்டதுல என்ன தப்பு? நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எனக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் வேண்டாம்னுட்டார்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம்... டாக்டர் வேண்டாம்னா சொன்னார்? போடுங்கன்னுதானே சொன்னார்.

வரிசை நகருது. நல்லா மென்னு முழுங்கு, வாயைத் திற, நாக்கைத் தூக்கு, போ... எல்லாம் சைகைதான், பேசினா எச்சில் ஊறும், ஊறினா கரையும், எனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு பெரிய டீச்சர் நினைச்சுகிட்டாங்க, நல்லதாப் போச்சு. ஒரு பொண்ணோட கீழ் இமையை இழுத்துப் பாக்கறேன், வெளுத்துக் கிடக்கு, ரத்தமே இல்லை. காலையில கண்ணாடியில பாத்த என் இமை மட்டும் என்ன வாழ்ந்துச்சு? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, தங்கச்சி என்னக்கான்னு கேட்டா வயசாகுதுல்லன்னு சிரிச்சு மழுப்பறேன், உள்ளே ஒரு கூட்டத்தையே வச்சு வளர்க்கறேன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? குடல் டாக்டர் பரிசோதனை முடிவைப் பாத்துட்டு முதல்ல சிரிச்சார், கொக்கிப்புழு இருக்கு சிஸ்டர், ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கறீங்க, உங்களுக்கு எப்படின்னார்... வெறுங்காலோட மண்ணுல நடக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தறவ, தோட்டத்துல வெறுங்காலோட செடிக்குத் தண்ணி ஊத்தினேன்னு சொல்லவா முடியும், நாற்காலியோட பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. அப்புறம்தான் அவர் விஷயத்துக்கு வந்தார். உங்க உடம்போட எதிர்ப்பு சக்தி உங்க குடலையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது, அதான் உங்க நோய், இந்தப் புழு தன்னை விரட்டிடக் கூடாதுன்னு அந்த எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் தூங்க வைக்கும், அதனாலதான் உங்க குடல் புண் அடங்கியிருக்கோ என்னவோ, இருக்கலாம், ஆராய்ச்சி நடக்குது, அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அது உங்க ரத்தத்தைக் குடிக்குது, மாத்திரை போட்டுடுங்க. சரிங்கன்னேன். அடுத்த தடவை போனப்போ போட்டுட்டேங்கன்னேன். நம்பிட்டார், நர்ஸு பொய் சொல்லுவாளா.

அவருக்கென்ன, சொல்லிட்டார்... ரத்தமும் சளியுமா போனது அவர் வயித்துலயா? பஸ்ல அன்னைக்கு என்னை அறியாமலே ஆயிடுச்சு, எழுந்திரிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், கடைசி நிறுத்தம் வரைக்கும் சீட்டை விட்டு அசையவே இல்லை, எல்லாரும் இறங்கினப்புறம் கண்டக்டர் வந்து இறங்கலையாம்மான்னு கேட்டார், கேட்டவருக்கே புரிஞ்சு போச்சு, மூக்கைப் பொத்தலை, அந்தப் பக்கம் திரும்பி நின்னுகிட்டார். திட்டியிருந்தா மறந்திருப்பேன். வீட்டுக்கு வந்தா தங்கச்சி வாளியில துணியை வாங்கிப் போட்டுத் துவைச்சா, ஏன் எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா இருக்காங்க... இப்போ ஒரு வருஷமா வயிறு பெட்டிப் பாம்பா அடங்கிக் கிடக்கு. போன மாசம் சினிமாவுக்குப் போனேன், நடுவுல எழுந்திரிக்காம முழுப் படமும் பாத்தேன், படம் படுமோசம், நான்தான் கடைசியில சந்தோஷத்துல அழுதுட்டேன், தங்கச்சி என்னை ஒரு மாதிரி பாத்தா. இது யார் போட்ட பிச்சை? புழு போட்டது. படுக்கும்போது வயித்துல கையை வச்சு, இருக்கீங்களான்னு கேக்கறேன், சீ, நினைச்சாலே கூசுது, இந்தப் பிள்ளைங்க வயித்துல இருக்கறதைக் கொல்லச் சம்பளம் வாங்கிகிட்டு, என் வயித்துல இருக்கறதுக்குக் கொஞ்சல்.

கடைசிப் பொண்ணும் முழுங்கிட்டா. மாத்திரை பாதி கரைஞ்சுடுச்சு, மாவு மாதிரி ஈறுல ஒட்டுது, வாய் முழுக்க எச்சில், குழாயடிக்குப் போய்த் துப்பிட்டா தீர்ந்தது, அதோ இருக்கு குழாய், எழுந்துட்டேன்... தையல்காரம்மா குறுக்கே வந்துட்டாங்க. கையில பிடிச்சிருக்கறது அந்த வெளுத்த இமைப் பொண்ணைத்தான், இவங்க மகளா அது?

"தப்பா எடுத்துக்காதீங்க நர்ஸம்மா. வருஷா வருஷம் இவ இதைத் துப்பிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கா, நேத்துதான் உண்மையைச் சொன்னா. அதான் உங்களைப் போடச் சொன்னேன். நீங்க முழுங்கினதைப் பாத்துட்டுத்தான் முழுங்கியிருக்கா."

தலையாட்டினேன். பயப்பட ஒண்ணும் இல்லையேன்னு கேட்டாங்க, அதுக்கும் தலையாட்டினேன், அவங்களுக்குப் பத்தலை, என் முகத்தையே பாத்துகிட்டு நிக்கறாங்க, பெத்தவளுக்கு வாய் வார்த்தை வேணும், பொண்ணும் நிமிர்ந்து பாக்குது, வாயைத் திறந்தா வெள்ளையா வழியும், ரெண்டு பேரும் பாப்பாங்க... முழுங்கிட்டேன். அப்படியே மொத்தமா, ஒரே மடக்குல.

"ஒண்ணும் ஆகாதும்மா."

நிம்மதியாச் சிரிச்சுட்டுப் போறாங்க. பெரிய காரியம் பண்ணிட்டேன்னு சொல்லிக்கலாமா? அந்தப் பொண்ணுக்காகவா முழுங்கினேன், இல்லை. உண்மையா இருக்கணும்னு முழுங்கினேனா, அதுவும் இல்லை. பாத்துட்டா மானம் போயிடுமேன்னு முழுங்கினேன், அவ்வளவுதான், டாக்டர்கிட்ட பொய் சொன்னதும் அதே மானத்துக்குத்தான், அப்போ எனக்குள்ள நல்லது கெட்டதுன்னு முடிவு பண்ண இந்த மானத்தை விட்டா வேற யாருமே இல்லையா... ஒரு மாத்திரையில புழு சாகுமோ சாகாதோ, சாகட்டும், ஐயோ சாக வேண்டாம், செத்தா இந்த உடம்பு மறுபடியும் முழிச்சுக்குமே. அடுத்த வகுப்பு வரிசையா வருது. தொண்டை சரியாயிடுச்சான்னு பெரிய டீச்சர் கேக்கறாங்க, ஆயிடுச்சுங்க டீச்சர்னு சொன்னவ, அதோட நிறுத்தியிருக்கலாம், இங்கே பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேட்டுட்டேன். போகணுமான்னாங்க. இல்லைங்க, சும்மா, தெரிஞ்சு வச்சுக்கத்தான்.