அடிமரத்தில் மேனேஜர் போட்ட கையெழுத்து

"ஒரு மரம், ஒரு விலை! மூவாயிரம்னு பேசினோம், மூவாயிரம்தான் தருவேன்!"

"மூவாயிரம் பேசினது கூரை மேல சாஞ்ச மூணு கிளைக்கு சார். இப்ப உங்க வாசல்ல கிடக்கிறது பாதி மரம்!"

"ஏம்மா, கத்தாதீங்க. முப்பது வருஷம் பேங்க்ல மேனேஜரா இருந்தவன் நான்."

"அப்ப கூட்டல் கணக்கு உங்களுக்கு நானா சொல்லித் தரணும்?"

இந்த இடத்தில்தான் தெருவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர் வீட்டு மருந்துக்கடைக்காரர் செடிக்குத் தண்ணீர் விட வந்தவர், வாளி காலியான பிறகும் விட்டுக்கொண்டே நின்றார். மேனேஜரின் குரல் தெருவுக்குப் பழக்கமானதுதான். பிளம்பர், பெயின்டர், கதவு மாட்ட வந்தவர் என எல்லோரும் அந்தக் குரலுக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு, கொடுத்ததை வாங்கிப் போனவர்கள். பதிலுக்கு ஒரு குரல் எழும்பியதுதான் புதுசு.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்குத் தெரு அன்றைக்கு வைத்த பெயர் கறார். மரத்தில் ஏறி வெட்டுகிறவன் அவளுடைய தம்பி, அணில். அணிலுக்கு உச்சிக் கிளையில் இருக்கும் தைரியம் தரைக்கு வந்தால் இருக்காது. "தம்பி, அப்படியே அதையும் தட்டி விட்டுடேன்" என்று யாராவது தேனாகப் பேசினால் தட்டி விடுவான். இறங்கி வந்து அதற்குக் காசு கேட்க நாக்கு எழாது. இப்படித் தட்டித் தட்டியே தொழில் தரைமட்டமானது. கடைசியில் மிஷின் ரம்பத்தை விற்க ஆள் பார்த்துவிட்டு, ஏதோ கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டான்.

"மூணு மாசம் பொறுடா. மரம் உன் பொறுப்பு, வாய் என் பொறுப்பு" என்று கறார் களத்தில் இறங்கியது அப்போதுதான். இன்றைக்கு அந்த மூன்று மாதம் முடிய நான்கே நாள் பாக்கி. ரம்பம் வாங்குகிறவன் காலையில்கூட போன் செய்திருந்தான். இந்த வீட்டில் விட்டுக்கொடுத்தால் தம்பி கிடங்குக்குப் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் குரல் அவ்வளவு உயரம் போனது.

அவள் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு. பேசி முடித்த கிளைகளில் வீட்டுக்காரரே வெள்ளைச் சாக்பீஸால் கோடு போட வேண்டும். எட்டாத கிளைக்கு, நீளக் கம்பின் நுனியில் சாக்பீஸைக் கட்டிக் கொடுப்பாள். நடுவில் மனசு மாறி "இதையும் வெட்டு" என்றால் சிவப்புச் சாக்பீஸ். அதற்கான கூடுதல் விலையை அவரே தன் கையால் அடிமரத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் ரம்பம் உறுமும்.

"இங்க வாங்க சார். இது யார் கையெழுத்து?"

மேனேஜர் குனிந்தார். எண்ணூறு. எண்ணூறு. இரண்டாயிரம். பழக்க தோஷம், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே இரண்டு கோடு இழுத்து, காசோலையில் போடுவதுபோலச் சின்னதாக ஒரு கையெழுத்தும் போட்டிருந்தார். எதிர் வீட்டில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"இது... சும்மா உத்தேசமா எழுதினது."

"உத்தேசத்துக்கு யாராவது கையெழுத்துப் போடுவாங்களா சார்? அணில், வெட்டுனதை எல்லாம் வரிசையாப் போடு. கோடு தெரியட்டும்."

அணில் இழுத்துப் போட்டான். வெள்ளைக் கோட்டோடு மூன்று. சிவப்புக் கோட்டோடு மரத்தின் உச்சி, அடுப்படிப் பக்கத்துக் கிளை, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கிளை. கடைசியாக ஏழாவது. அதில் கோடே இல்லை.

கறார் அதைப் புரட்டிப் பார்த்தாள். முதல் லோடு தழையைக் கொட்ட அவள் டெம்போவில் போய் வந்த அரைமணி நேரத்தில் அது விழுந்திருக்க வேண்டும். தம்பி வெட்டியிருக்கிறான் என்றால் கோடு இருக்கும் என்று நம்பி, அதற்குத் தொள்ளாயிரத்தையும் சேர்த்து, திரும்பி வந்ததுமே ஏழாயிரத்து ஐநூறு என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள்.

அணிலின் காது சிவந்தது. அக்காவின் மடியில் இருந்த சாக்பீஸைக் கண்ணால் காட்டினான். மேனேஜர் இன்னும் தன் கையெழுத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு இழுப்பு போதும். கறாரின் விரல் சாக்பீஸைத் தொட்டேவிட்டது. மருந்துக்கடைக்காரர் வாளியோடு சிலையாக நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது.

கறார் கையை வெளியே எடுத்தாள். வெறுங்கை.

"சார், நான் சொன்ன தொகை தப்பு. இந்தக் கிளையில கோடு இல்ல. கோடு இல்லாத கிளைக்கு நான் காசு கேக்கறதில்ல. ஆறாயிரத்து அறுநூறு கொடுங்க, போதும்."

மேனேஜர் நிமிர்ந்தார். "பாத்தீங்களா! அப்ப நான் சொன்னது..."

"நீங்க சொன்னது மூவாயிரம் சார்."

கத்துவதற்காக மூச்சை இழுத்து வைத்திருந்த மனுஷனுக்கு அதை எங்கே விடுவது என்று தெரியவில்லை. அப்போது மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. அவர் மனைவி.

"அந்தக் கிளையை நான்தாங்க வெட்டச் சொன்னேன்! துணி காய மாட்டேங்குதுன்னு ஜன்னல்லேர்ந்து கை காட்டினேன். அந்தப் பொண்ணு தானா ஒத்துக்குது, நீங்க என்னடான்னா சொந்தக் கையெழுத்தையே இல்லேங்கறீங்க!"

தடதடவென்று இறங்கி வந்தார். கறாரிடம் சாக்பீஸ் வாங்கி, கீழே கிடந்த கிளையில் ஒரு கோடு இழுத்தார். அடிமரத்தில் கணவர் எழுதியதற்குக் கீழே தொள்ளாயிரம் என்று எழுதித் தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். மேனேஜர் உள்ளே போய், ஏழாயிரத்து ஐநூறை இரண்டு தடவை எண்ணி எடுத்து வந்தார்.

டெம்போவில் ஏறும்போது அணிலின் போன் அடித்தது. ரம்பம் வாங்குகிறவன்.

"அது விக்கிறதுக்கில்லண்ணே. வேணும்னா எங்க அக்காகிட்ட பேசிப் பாருங்க" என்றான் அணில். பேசிப் பார்க்கும் துணிச்சல் அந்த ஆளுக்கு இல்லை. கறார் அன்று முன் சீட்டில் உட்கார்ந்து போன தோரணையைப் பார்த்தவர்கள், டெம்போவைத் தேர் என்றே சத்தியம் செய்திருப்பார்கள்.

மேனேஜரும் மனைவியும் மறுவருடம் மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே பெயின்டர் வந்தால் அந்தம்மா முதலில் சாக்பீஸைத் தேடுவதாகக் கேள்வி.

மருந்துக்கடைக்காரர் கதைதான் ருசி. முப்பத்தாறு வயதுவரை கல்யாணப் பேச்செடுத்தாலே கடைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியவர், இந்தச் சண்டைக்கு அடுத்த வாரமே தன் வீட்டு மரத்தில் ஒரு கிளை இடிக்கிறது என்று கறாருக்கு ஆள் விட்டார். வேலை நடக்கும்போது ஒரு சிவப்புக் கோடு போட்டார். அடுத்த மாதம் இன்னொரு கிளை, இரண்டு சிவப்புக் கோடு. விலையைக் கேட்காமலே எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் கறார் பைசா குறையாமல் வாங்கினாள், அவரோடு நடந்த கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும்.

கல்யாணத்தன்று அந்த வீட்டு வாசலில் நிழலுக்கு ஒதுங்கப் போனவர்களுக்கு மொட்டை மரம்தான் இருந்தது.