இருபத்தேழு புஷல் அதிகம்

வெல்டா யான்ட்ஸ் இருபத்திரண்டு கோடைகளாக அறுவடைக் குழுவுக்குச் சமைத்து வந்தாள். ஜூன் தொடக்கத்தில் ஒக்லஹோமாவில் கோதுமை பழுக்கும். அங்கே இறங்கி, கதிர் பழுக்கப் பழுக்க வடக்கே நகர்ந்து, ஆகஸ்டு கடைசியில் வடக்கு டகோட்டாவில் போய் நிற்பார்கள். குழுவின் முதலாளி அவள் கணவன் ஆர்லிஸ். அவனுக்குக் கீழே ஏழு ஆட்கள். அத்தனை பேரின் சாப்பாட்டையும் அவள் ஒரு பழைய டிரெய்லருக்குள் சமைத்தாள். அதில் ஓவன் கதவைத் திறந்தால் நிற்க இடமிருக்காது, ஒதுங்கிக் கொள்ளப் படியில் இறங்க வேண்டும்.

இந்த ஆண்டு ஆர்லிஸ் அவளிடம் சொல்லாமலே புது டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். முப்பத்தெட்டு அடி நீளம். பிக்கப்பின் பின்தட்டுக்கு மேலே மூக்கை நீட்டி, அங்கே பதித்த கொக்கியில் உட்காரும் வகை. ஐந்தாம் சக்கர டிரெய்லர் என்பார்கள். உள்ளே இரண்டு ஓவன், ஆளுயர ஃப்ரீசர். வெல்டா ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடிப் பார்த்தாள். அன்று மாலை முழுவதும் அவள் வெளியே வரவில்லை.

அதை இழுக்கும் வேலை அவளுடைய பழைய பிக்கப்புக்கு வந்தது. ஆர்லிஸின் பிக்கப் போன வருடம் வாங்கியது. பின்னால் இரட்டைச் சக்கரம், மொத்தம் ஆறு. அறுவடை இயந்திரத்தின் வெட்டுத்தட்டை ஏற்றிய சின்ன டிரெய்லரை அது இழுத்தது. முதலாளி வண்டி அது. யாரும் வேறு மாதிரி யோசிக்கவில்லை.

கான்ஸஸில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து ஒக்லஹோமா போய்ச் சேர்ந்ததும் வெல்டா நேராக அவனிடம் போனாள்.

"ஆர்லிஸ், பிக்கப் மூக்கத் தூக்கிக்கிட்டு வருது. ஸ்டியரிங்ல பாரமே இல்ல. காத்தடிச்சா அது ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்."

"புது டிரெய்லர் இல்லியா, இன்னும் கை பழகல. இந்தப் பிக்கப் பதினாறாயிரம் பவுண்டு இழுக்கும்னு கம்பெனிக்காரனே எழுதியிருக்கான்."

"இழுக்கலன்னு நான் சொல்லலியே."

அவன் அதற்குள் இயந்திரத்தடியில் படுத்துவிட்டான்.

நான்காம் நாள் மழை தூறியது. கதிர் காயும்வரை லாரிகள் ஓடாது. ஊர்த் தானியக் கிடங்கின் எடைமேடை காலியாக இருந்தது. வெல்டா டிரெய்லரை மாட்டிக்கொண்டு அங்கே போனாள். கிடங்கு மேலாளர் டெல்மர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"என்ன வெல்டா, கோதுமையா? ஈரம் எவ்ளோ இருக்கும்?"

"தொட்டியில நாப்பது காலன் தண்ணி இருக்கு, போதுமா? பிக்கப்ப மட்டும் நிறுத்தறேன். டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளிய நிக்கட்டும்."

சீட்டு அச்சாகி வந்தது. டெல்மர் அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"டிரைவர் கதவோரம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, மொத்தம் எவ்ளோ தாங்கும்னு போட்டிருக்கு?"

"ஒம்பதாயிரத்து எரநூறு."

"இங்க பத்தாயிரத்து எண்ணூறு காட்டுது." அவர் பென்சிலால் சீட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டார். "ஆயிரத்து அறுநூறு பவுண்டு. புஷலுக்கு அறுபது பவுண்டுன்னா கிட்டத்தட்ட இருபத்தேழு புஷல் கோதுமைய அதிகமா ஏத்திக்கிட்டுத் திரியற. இழுக்கறது வேற, சொமக்கறது வேற வெல்டா. அந்த மூக்கோட பாரம் பூரா உன் பின்சக்கரத்து மேல உக்காந்திருக்கு. ஆர்லிஸுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வரேன்?"

தனியாகச் சொல்லத்தான் நினைத்தாள். அறுவடைக் காலத்தில் தனிமை ஏது? சாயங்காலம் வயலோரத்தில் எல்லோரும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சீட்டை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆர்லிஸ் படித்தான். "டெல்மரோட மேடை லாரிக்குன்னு போட்டது. இதுக்கெல்லாம் சரியாக் காட்டாது."

"அந்த மேடை எடைய வச்சுத்தானே உனக்குக் கூலி வருது?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து எட்டு வருடமாக வந்துபோகும் ரியான் ரொட்டியைக் கடித்தபடியே சொன்னான்: "ஆறு சக்கரம் வெட்டுத்தட்ட இழுக்குது, நாலு சக்கரம் வீட்டையே சொமக்குது. எங்க ஊர்ல கழுதைய எங்க கட்டணும், மாட்ட எங்க கட்டணும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும் முதலாளி."

ஆர்லிஸின் கழுத்து சிவந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "உனக்காகத்தான் வாங்கினேன்" என்றான்.

அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வந்த அன்று சொன்னதோடு நிறுத்தி, நான்கு நாள் மறுபடி வாயைத் திறக்காமல் இருந்தாள். கொடுத்த பொருளை அவன் முகத்தில் திருப்பி எறிந்ததுபோல் இருந்தது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்பப் பெறவில்லை.

அடுத்த வாரம் வடக்கே கிளம்பும் காலையில், "நான் தானிய லாரி ஓட்டறேன். டிரெய்லர நீ கொண்டா" என்றாள்.

"சரி, தா" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அவனுடைய பிக்கப்பை ரியான் எடுத்துக்கொண்டு முன்னால் போனான்.

வெல்டா லாரியில் பின்னால் வந்தாள். அறுபது மைல்வரை ஒன்றும் ஆகவில்லை. ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கும் சரிவில் மாடு ஏற்றிய பெரிய லாரி ஒன்று ஆர்லிஸை வேகமாகக் கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போயிற்று, பிறகு இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். பிக்கப்பின் முன்சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி சொன்னபடி கேட்கவில்லை. வெல்டா ஹாரனில் கை வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். ஹாரனால் என்ன ஆகும்?

சரிவின் அடியில் அது தானாகவே நேரானது. ஆர்லிஸ் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினான். அவள் போனபோது அவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். பின்டயரிலிருந்து ரப்பர் வாடை வந்தது.

"நீ இதத்தான் வீட்டுலேந்து ஓட்டிக்கிட்டு வந்தியா?"

"ஆமா."

"முந்நூறு மைலா?"

"முந்நூத்திப் பத்து."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினான். "அந்தச் சீட்டக் குடு."

இருபது மைல் வேகத்தில் ஊர்ந்து அடுத்த ஊரின் பொருட்காட்சித் திடலில் போய் நிறுத்தினார்கள். மறுநாள் முழுவதும் ஆர்லிஸும் ரியானும் கொக்கியைப் பழைய பிக்கப்பிலிருந்து கழற்றி ஆறு சக்கரப் பிக்கப்பில் பொருத்தினார்கள்; வெட்டுத்தட்டைப் பழையதில் மாட்டினார்கள். வடக்கே அடுத்த வயலில் பழுத்த கதிர் காத்திருந்தது, நிலத்துக்காரர் மூன்று முறை போன் செய்தார். ஆர்லிஸ் எடுக்கவில்லை. வெல்டா தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு, டின் உணவுப் பெட்டிகளை லாரிக்கு மாற்றினாள். ஆறு சக்கரப் பிக்கப்பை அவ்வூர்க் கிடங்கின் மேடையில் நிறுத்திப் பார்த்தபோது வரம்புக்கு முந்நூற்றைம்பது பவுண்டு கீழே இருந்தது.

அதற்கடுத்த நாள் கிளம்பும்போது ஆர்லிஸ் தன் வண்டியிலிருந்து தொப்பிகளையும் முதுகுத் தலையணையையும் சூரியகாந்தி விதைப் பையையும் எடுத்துப் பழைய பிக்கப்பின் முன்னிருக்கையில் போட்டான். டிரெய்லரை மாட்டிய அவன் வண்டியில் வெல்டா ஏறினாள். மதியம்வரை அவன் முகம் உம்மென்றே இருந்தது. நெப்ராஸ்கா எல்லையைத் தாண்டிய பிறகுதான், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் அவன் குரல் வந்தது.

"எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி போகுது."

"ஸ்டியரிங்?"

"கனமா இருக்கு."

"ம். இந்த சீட்ல எப்படி இத்தன வருஷம் உக்காந்த? ஸ்பிரிங்கு குத்துது" என்றான்.

முன்னால் சாலை நேராகக் கிடந்தது. ஃப்ரீசரில் உறைந்திருந்த இறைச்சித் துண்டு ஒன்றைக் காலையிலேயே ஓவனில் வைத்துப் பூட்டியிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் பற்றவைத்தால் ஏழு மணிக்கு வெந்துவிடும்.