குளிரறை வாசலில்

"காப்பி குடிச்சிட்டு வரலாம் வாங்கப்பா" என்று என் மகள் கூப்பிட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஆள் பார்க்கிற வேலை என்று. அவளுக்கு முப்பத்தைந்து வயது. மருந்துக்கடையில் வேலை. முதல் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தது நான். பேச்சில் தேன் ஒழுகும் பயல். மூன்றாம் வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இப்போது ஒரு காப்பிக்கடைக்காரன்.

போகிற வழியில் சொல்லிவிட்டாள். "ஒரு தடவை பாருங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனா இன்னிக்கே சொல்லணும். இழுத்தடிக்கக் கூடாது."

"இப்பவே சொல்லட்டுமா?" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அதை ஒளிப்பானேன்.

கடை ஒரு பழைய அச்சகத்துக்கும் சலவைக்கடைக்கும் நடுவே இருந்தது. நாலு மேசை. மூலையில் பருமனான ஒருவர் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார். காப்பிக்கடைக்காரன் தனி ஆள். கல்லாவிலும் அவன், கழுவுவதும் அவன், கொடுப்பதும் அவன். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. முன்னால் தோல் ஏப்ரன் கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"வாங்க மாமா."

"நான் யாருக்கு மாமா?" என்றேன்.

என் மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அவன் காதெல்லாம் சிவந்து, "சரிங்க ஐயா" என்று உள்ளே போனான். பேச்சில் தேன் இல்லை, அது ஒன்று. ஆனால் தேன் இல்லாதவனும் ஓடுவான்.

கண்ணாடி டம்ளரில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். கறுப்பாக இருந்தது. தொட்டால் ஐஸ்.

"காப்பி ஆறிப்போச்சுப்பா" என்றேன்.

"இது சூடே பண்றது இல்லீங்க. கோல்ட் ப்ரூ. கொரகொரன்னு அரைச்ச தூளைப் பச்சைத் தண்ணியில பதினெட்டு மணி நேரம் ஊறவச்சு வடிகட்டுறது."

"அடுப்பே வைக்காம? கரி மிச்சம், கூலி மிச்சம், விலை மட்டும் மிச்சம் இல்ல."

மூலையில் இருந்த பருமனானவர் சிரித்துவிட்டார். காப்பிக்காரனும் சிரித்தான். ஒரு வாய் குடித்தேன். கசப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. வழவழவென்று இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டது என்றால் முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"நுரை சரியா வரலைங்க" என்றான் அவன், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "மேல வெள்ளையா ஒரு விரல்கடை நுரை நிக்கணும். காலையிலேர்ந்தே குழாய் மூச்சு வாங்குது. கேஸ் தீர்ந்துபோச்சு போலிருக்கு."

"என்ன கேஸ்?"

"நைட்ரஜன். நுரைக்கு அதைத்தான் சேர்க்கிறது. ஒண்ணும் பண்ணாதுங்க, நாம மூச்சு விடுற காத்துல முக்கால்வாசி அதுதான்." சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஆனா நேத்து சாயந்தரம்தான் புது சிலிண்டர் மாட்டினேன். பெரிசு. ஒரு மாசம் வரணும். இருங்க, பாத்துட்டு வரேன்."

பின்பக்கம் போனான். நான் இதுதான் சமயம் என்று மகள் பக்கம் திரும்பினேன்.

"எனக்குப் பிடிக்கல. எந்திரி, போலாம்."

"என்ன பிடிக்கல?"

"சும்மா பிடிக்கல."

அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். அந்த ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வலுவில்லாமல் வேறு பக்கம் பார்த்தேன். அப்போதுதான் அவன் சொன்னது எனக்குள் திரும்ப ஓடியது. நேற்றுப் புதிது. பெரிது. இன்றைக்குக் காலி. அப்படியானால் அத்தனை கேஸும் எங்கே போனது?

"அந்த சிலிண்டர் எங்கம்மா இருக்கு?"

"பின்னாடி குளிரறையில. ஏன்?"

"கதவு மூடின அறையா?"

"குளிரறைன்னா மூடித்தானே இருக்கும்?"

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். மாவு மூட்டையைக் கீழே போட்ட மாதிரி.

நான் முப்பத்தொரு வருஷம் எண்ணெய் ஆலையில் தொட்டி கழுவியவன். எண்ணெய் காறிப்போகாமல் இருக்கத் தொட்டியில் இதே நைட்ரஜனைத்தான் நிரப்பிவைப்பார்கள். அதற்கு வாசனை கிடையாது. இருமல் வராது, கண் எரியாது. மூச்சு விடுவதாகத்தான் தோன்றும். இரண்டு மூச்சு, மூன்று மூச்சு, கால் மடங்கிவிடும். ஒருவன் விழுந்தால் கூட்டாளி பதறிக் குதிப்பான், அவனும் விழுவான். அப்படி ஒரே நாளில் அண்ணன் தம்பி இருவரைத் தூக்கிக் கிடத்தினோம். அன்றைக்கு நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். உள்ளே ஒருவன், வெளியே கயிறோடு ஒருவன். கயிறு பிடிக்கிறவன் எது நடந்தாலும் உள்ளே இறங்கக் கூடாது. பெற்ற பிள்ளை கிடந்தாலும் கூடாது.

சத்தம் கேட்டதும் மகள் எழுந்து ஓடினாள். எனக்கு முட்டி வலி. ஆனால் அன்று முட்டி இருந்ததே ஞாபகம் இல்லை. அவளுக்கு முன்னால் போய் நின்றேன். குளிரறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. இழுத்து விரியத் திறந்து, ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்தேன். கதவு அகலமே உள்ள, ஏழெட்டு அடி நீளமான அறை. கடைசியில் சிலிண்டர். அதன் காலடியில் குப்புறக் கிடந்தான் அவன். ஒரு கை மட்டும் வாசல் பக்கம் நீண்டிருந்தது.

"ஐயோ!" என்று பாய்ந்தாள். கதவுச் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி மறித்துக்கொண்டேன்.

"உள்ள போகாத."

"விடுங்கப்பா! மயங்கிக் கிடக்கறார்!"

"அதனாலதான் சொல்றேன். உள்ள காத்து இல்ல. நீ போனா நீயும் விழுவ."

"இருக்கே, காத்து இருக்கே! விடுங்க! பிடிக்கலன்னா சாகட்டும்னு விட்டுடுவீங்களா?"

என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கியது. நான் கையை எடுக்கவில்லை. பருமனானவர் பின்னாலேயே வந்து, "நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஓடிப்போய்த் தூக்கிடறேன் பெரியவரே" என்றார்.

"உன்ன தூக்க எத்தன பேர் வேணும்? போய்யா! அந்த மின்விசிறியைக் கொண்டா. காத்தை உள்ள அடிக்கிற மாதிரி வை. ஆம்புலன்சுக்குச் சொல்லு. போ!"

திட்டினால்தான் சில பேருக்குக் கால் நகரும். ஓடினார்.

"ஏய், இங்க பார்" என்றேன் மகளிடம். "அழுறதுன்னா அப்புறம் அழு. நீளமா, வளைஞ்ச மூக்கு வச்ச ஏதாவது இருக்கா இந்தக் கடையில?"

அவள் ஒரு நொடி என்னை வெறித்தாள். பிறகு முன்பக்கம் ஓடி, ஷட்டரை இழுத்து இறக்குகிற கம்பியோடு வந்தாள். ஆறடி நீளம், நுனியில் கொக்கி.

கம்பியை வாங்கி உள்ளே நீட்டினேன். தலை வெளியே, கை மட்டும் உள்ளே. கொக்கி முதலில் அவன் சட்டையில் மாட்டிக் கிழித்துக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை சிலிண்டரில் பட்டு டங்கென்றது. எவ்வளவு நேரம் ஆனது? ஒரு நிமிஷமா, இரண்டா? தொட்டியில் என்றால் எண்ணிக்கொண்டே இருப்போம். இங்கே எண்ண மறந்துவிட்டேன்.

"முதுகுல ஏப்ரன் வார் இருக்கு. குறுக்கா. அதுல மாட்டுங்க" என்றாள் மகள், என் தோளுக்கு மேலாக. குரல் இப்போது அழவில்லை. "இன்னும் இடது பக்கம். கீழ. கொஞ்சம் கீழப்பா."

மாட்டியது. தோல் வார், அறவில்லை.

"இழு."

இருவரும் சேர்ந்து இழுத்தோம். ஒல்லி ஆள்தான், ஆனால் மயங்கியவன் இரண்டு மடங்கு கனப்பான். ஒரு முழம் வந்தான். ஷூ எதிலோ சிக்கி நின்றது. மறுபடியும் இழுத்தோம். நீட்டியிருந்த கை வாசலைத் தாண்டியதும் மகள் அதைப் பற்றிக்கொண்டாள். அவள் தலை உள்ளே போகாமல் இருக்க நான் அவள் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், பூனைக்குட்டியைப் பிடிப்பது போல. ஒரே இழுப்பு. ஆள் வெளியே வந்துவிட்டான்.

உதடு நீலம். நெஞ்சு ஏறவில்லை. மருந்துக்கடையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மல்லாக்கப் புரட்டி, மோவாயை உயர்த்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. ஊதினாள். நிறுத்தினாள். ஊதினாள். நாலாவதோ ஐந்தாவதோ, ஆணியில் துணி கிழிகிற மாதிரி ஒரு மூச்சை இழுத்தான். பிறகு இன்னொன்று.

தெருவோரத்துக்குத் தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்தினோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பார்வை. என் மகளைக் கண்டதும் உதடு அசைந்தது.

"நீ உள்ள வந்தியா?"

"இல்ல. அப்பா விடல."

கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். சிலிண்டரில் ஏதோ உஸ்ஸென்று கேட்டதாம், குனிந்தானாம், அதற்குமேல் ஞாபகம் இல்லையாம். திணறித் திணறிச் சொன்னான்.

"பெரிய வேலைக்காரன். மூடின அறையில கேஸ் சிலிண்டரை வச்சவனை நான் முதல்முறையா பாக்கறேன்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். வந்துவிட்டது.

மகள் என் பக்கம் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது.

"உள்ள நான் கிடந்திருந்தா? அப்பவும் இப்படித்தான் வாசல்ல நின்னிருப்பீங்களா?"

பொய் சொல்லலாம். அவள் அந்த நேரத்தில் பொய்யைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"ஆமா. வாசல்லதான் நின்னிருப்பேன். கம்பியத்தான் தேடியிருப்பேன்."

அவள் அவன் தலையைத் தன் மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மூக்கில் மாஸ்க் போட்டு ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். உடன் வந்த ஆள் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஒருத்தர்தான் கூட வரலாம். சொந்தக்காரங்க யாரு?"

மகள் ஏறப்போனவள் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் நான் சொன்னது அப்படியே எங்களுக்கு நடுவில் நின்றது. எழுந்து போகலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவள் எதிர்த்துப் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஐயா, நேரம் ஆவுது. இவருக்கு நீங்க என்ன வேணும்?" என்றான் அந்த ஆள் என்னிடம்.

"மாமனார்" என்றேன். "எழுதிக்கோ. இது என் பொண்ணு. அவ வருவா கூட."

மகள் சிரிக்கவில்லை. என்னைக் கடித்தபோது இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். வண்டி போய்விட்டது.

நான் கடைக்குள் திரும்பி வந்தேன். பருமனானவர் குளிரறை வாசலில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"கேஸ் கம்பெனிக்காரன் வந்து சரி பண்ற வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

"நீங்க யாரு பெரியவரே, கடை ஓனரா?"

"ஓனரோட மாமனார். போய் உன் இடத்துல உட்காருய்யா."

ஒரு நாற்காலியை இழுத்து, வாசலுக்கு நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.