ஈரச்சாக்குச் சம்பந்தி

எங்க அய்யா வெடிச்சுச் செத்துருவாருன்னு ஊரே நம்புன வருசம் ஒண்ணு உண்டு. ஊர் நம்புனா நம்பிட்டுப் போகட்டும், ஊருக்கு வேற வேலை என்ன? எங்க அய்யாவே நம்புனாரு பாருங்க, அதைத்தான் என்னால இன்னிக்கும் தாங்க முடியல. அதுவும் எப்ப? எனக்கு விருதுநகர்ல மாப்பிள்ளை பாத்து, பரிசம் போட்டு, ஆவணியில நாள் குறிச்ச பெறகு. அம்பத்தெட்டாம் வருசம் அது. இப்ப நெனைச்சாலும் கோவம்தான் முன்னால வருது, சிரிப்பு பின்னாலதான் வருது.

அய்யா பேரு பலவேசம். திருத்தங்கலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வெடிக் கம்பெனி வச்சிருந்தாரு. காலையில கேட்டுல நின்னு வர்ற ஆளு ஒவ்வொருத்தன் மடியையும் தடவிப் பாப்பாரு. தீப்பெட்டி, பீடி எதுனா இருந்துச்சுன்னா பிடுங்கி வீசிட்டு, "ஏலே, நீ இன்னிக்கு வீட்டுக்குப் போ"ன்னு அனுப்பிருவாரு. அதுக்குக் காரணம் இருக்கு. அவரு கூடப்பெறந்த தம்பி, எங்க தனுஷ்கோடி சித்தப்பா, வெடி காயப்போட்ட களத்துல தீப்பிடிச்சு அங்கனயே போயிட்டாரு. நான் அப்பச் சின்னப் புள்ள. அதுக்குப் பெறகு அய்யா எங்க வீட்டு அடுப்பைக்கூட ஒரு தடவை உத்துப் பாத்துட்டுத்தான் தாண்டிப் போவாரு.

கல்யாண அலைச்சல்ல அய்யாவுக்கு வயித்துப் பொருமல் வந்துருச்சு. வயிறு கும்முனு கெடக்கும், ஏப்பம் வராது, கீழயும் பிரியாது. டாக்டர்கிட்டப் போங்கய்யான்னு சொன்னா, "இங்கிலீசு மருந்து உடம்பைக் கெடுத்துரும், நம்ம வீட்டு மருந்துல ஆகாதது எதுல ஆகும்?"னாரு. அடுத்த வீட்டு வள்ளித்தாய் அத்தைக்கு வாயி சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, தேங்காச் சிரட்டைக் கரியைப் பொடிச்சு மோருல கலந்து குடிங்க, வாயு அம்புட்டையும் உறிஞ்சிரும்"னாக. குடிச்சாரு. வாயுவை உறிஞ்சுச்சோ என்னமோ, வயித்தைக் கட்டிப் போட்டுருச்சு.

கட்டுன வயித்தை இளக்குறதுக்கு வெம்பக்கோட்டையில இருந்து ஒரு வைத்தியரைக் கூட்டியாந்தாக. அவரு கந்தகத்தைப் பால்ல சுத்தி பண்ணி வெண்ணெயில குழைச்சுக் குடுத்தாரு. வயிறு இளகுச்சு, ஆனா உடம்பு கொதிச்சுப் போயி நீர்க்கடுப்பு வந்துருச்சு. அந்தக் கடுப்புக்கு அவரே வெடியுப்பைச் சுத்தி பண்ணி இளநீர்ல கலந்து குடுத்தாரு. கடுப்பு நின்னுச்சு. பொருமல் மட்டும் வந்த விருந்தாளி மாதிரி நகரவே இல்ல.

மறுநாள் அய்யா கம்பெனியில நின்னுக்கிட்டிருக்காரு. கலவை போடுற மேஸ்திரி ராக்கப்பன் வந்து, "மொதலாளி, கரி இருக்கு, கந்தகம் இருக்கு, வெடியுப்பும் வந்திருச்சு. கலந்துரலாமா?"ன்னு கேட்டிருக்காரு. தினம் கேக்குற கேள்விதான். அன்னிக்கு அய்யா கையில இருந்த சல்லடை நழுவிக் கீழ விழுந்துருச்சு. மெதுவா ஒரு கையை வயித்துமேல வச்சு, "ராக்கப்பா, அம்புட்டும் உள்ள இருக்கேலே"ன்னாராம்.

இந்த மூணும் சேந்தாத்தான் வெடி. எங்க பக்கத்துல தொட்டில்ல கெடக்குற புள்ளைக்கும் அது தெரியும். ராக்கப்பன் ஒரு நல்ல மனுசனா இருந்தா, "அட போங்க மொதலாளி"ன்னு சொல்லியிருக்கணும்ல? அந்த ஆளு தாடையைத் தடவிக்கிட்டு ரொம்ப யோசிச்சுட்டு, "சும்மா சேந்து கெடந்தா வெடிக்காது மொதலாளி, நல்லா இடிச்சுக் கலக்கணும். ஆனா வயிறு இடிக்கிற மாதிரி எந்த உரல் இடிக்கும்?"னு கேட்டிருக்காரு. பாவி மனுசன்! அய்யா அங்கன இருந்து வீடு வரைக்கும், தலையில தண்ணிக்குடம் இருக்குற மாதிரி அலுங்காம நடந்தே வந்தாரு.

வந்ததும் மொத வேலையா அடுப்புல தண்ணியை ஊத்தி அணைச்சாரு. உலையில கெடந்த சோறு அரைவேக்காடாக் கெடக்கு. "இன்னிமே இந்த வீட்டுல தீ இல்ல"ன்னாரு. கம்பெனியில என்னென்ன சட்டம் உண்டோ அம்புட்டும் வீட்டுக்கு வந்துருச்சு. அய்யா கட்டிலைச் சுத்தி மணல் வாளியும் தண்ணி வாளியும் வச்சாச்சு. அவரு ரூமுக்குள்ள கூட்டமாப் போகக்கூடாது. அம்மா இடுப்புல கெடந்த சாவிக்கொத்தை, இரும்பு உரசுனா பொறி வரும்னு கழட்டி வாங்கிட்டாரு. ஊதுபத்தி கிடையாது, சாமிக்கு விளக்கு கிடையாது. வாசல்ல செருப்பைக் கழட்டாம எவனும் உள்ள வரமுடியாது.

அடுப்பு இல்லேன்னா என்னத்தைத் திங்குறது? ஊறவச்ச அவல், முளைகட்டுன பாசிப்பயறு, தேங்காய், வெல்லம், வெள்ளரிக்காய். காலையிலயும் அதுதான், மத்தியானமும் அதுதான். கல்யாணப் பொண்ணு நான், கறியும் மீனுமா ஆக்கிப்போட்டு ஒடம்பைத் தேத்துற நேரத்துல, ஆட்டுக்குட்டி மாதிரி பச்சைப் பயறை மென்னுக்கிட்டுக் கெடந்தேன். வள்ளித்தாய் அத்தை வீட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிப்போயி ஒரு டம்ளர் சுடுரசத்தைக் குடிச்சுட்டு வருவேன். அந்த ரசத்தை நெனைச்சு நான் அழுதிருக்கேன், சத்தியமா.

கொடுமை என்னன்னா, அந்தத் தீனி எங்க அம்மாவுக்கு ஒத்துக்கிருச்சு. அம்மா பேரு பாலம்மாள், முழங்கால் வலியில முனகாத நாளே கிடையாது. அவுகளுக்கு வலி போயி, முகம் தெளிஞ்சு, விறுவிறுன்னு நடக்க ஆரம்பிச்சுட்டாக. "எம்மா, நீங்களாச்சும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்க"ன்னேன். "என்னத்தடி சொல்லச் சொல்ற? கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து அந்த அடுப்புல வெந்தேன். இப்பத்தான் வெந்நித் தண்ணிகூட வைக்காம மகராசியா இருக்கேன். உங்கய்யா இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்"னாக. இதுக்கு நான் எங்க போயி முட்டிக்கிட?

டாக்டரை வீட்டுக்கே கூட்டியாந்தோம். செருப்பைக் கழட்டிட்டு, ஊசிப் பெட்டியை வாசல்ல வச்சுட்டுத்தான் அந்த மனுசனும் உள்ள வந்தாரு. வயித்தைத் தட்டிப் பாத்துட்டு, "நீங்க சாப்பிட்டது என்னைக்கோ வெளிய போயிருச்சு, உள்ள இருக்குறது வெறும் காத்து"ன்னாரு. "தட்டாதீங்க!"ன்னு அய்யா போட்ட சத்தத்துல டாக்டர் தண்ணி வாளிக்குள்ள காலை விட்டுட்டாரு. அவரு போன பெறகு அய்யா சொன்னாரு, "அவருக்குக் காய்ச்சலைப் பத்தித் தெரியும். கலவையைப் பத்தி என்ன தெரியும்?"

எனக்குப் பயம் வந்தது அப்பத்தான். அவரு வெடிப்பாருன்னு இல்ல. கல்யாணத்துக்கு வரமாட்டாருன்னு. அக்கினிக்கு முன்னால தகப்பன் உக்காந்து, மக கையைப் பிடிச்சு, தண்ணி விட்டுத் தாரை வார்த்துக் குடுக்கணும்ல? அக்கினி இல்லாமக் கல்யாணம் முடிக்கிற வழக்கம் எங்க பக்கத்துல அப்பவே உண்டு, அப்படி வச்சுக்கிடலாமான்னு விருதுநகருக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். மாப்பிள்ளைக்கு அய்யா சண்முகவேல், மிளகாய் வத்தல் மண்டி வச்சிருந்தாக. "எங்க வீட்டுல அக்கினி வேணும். பொண்ணைப் பெத்தவரு கையால தாரை வார்க்கணும். அவரு உசுரோட இருக்கையில வேற ஆளு வார்த்தா எங்களுக்கு அது கல்யாணமே இல்ல"ன்னு சொல்லிவிட்டாக. அதோட, "சம்பந்தி எம்புட்டுத் தூரம் வரைக்கும் வெடிப்பாக?"ன்னும் கேட்டுவிட்டாக.

நான் நேரா அய்யா ரூமுக்குள்ள போயிட்டேன். "யய்யா, நீங்க தாரை வார்க்கலேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். இந்தப் பயறைத் தின்னுக்கிட்டு இங்கனயே கெடக்கேன்"னேன். அவரு கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு என்னைப் பாக்கவே இல்ல. "தாயி, எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். உங்க சித்தப்பன் போனப்ப நான் கூப்பிடு தூரத்துலதான் நின்னேன். ஒண்ணும் செய்ய முடியல. மணவறையில நீ என் பக்கத்துல உக்காந்திருப்பியேம்மா"ன்னாரு. கண்ணுல தண்ணி நிக்குது. எனக்கு அதுவரைக்கும் இருந்த கோவம் எங்க போச்சுன்னே தெரியல. இந்த மனுசன் இத்தனை வருசமாப் பயந்துக்கிட்டேதான் இருந்திருக்காரு, வயிறு இப்பத்தான் அதுக்கு ஒரு சாக்கு குடுத்திருக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

புத்தி சொல்லிப் பிரயோசனம் இல்ல. அவரு பாதையிலயே போயித்தான் அவரைக் கூட்டியாரணும். "யய்யா, நமுத்த வெடி வெடிக்குமா?"ன்னு கேட்டேன்.

அய்யா எந்திரிச்சு உக்காந்தாரு. தொழில்ல சந்தேகம் கேட்டா அவருக்கு முகமே மாறிரும். "வெடிக்காது தாயி. ஈரம் பட்டா அம்புட்டுத்தான், மண்ணுக்குச் சமானம்"னாரு. சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். ராக்கப்பன் அப்ப வாசல்ல காவலுக்கு உக்காந்திருந்தாரு. "ராக்கப்பா! சாக்கை நனைச்சு எடுத்துட்டு வாலே!"ன்னு கத்துனாரு பாருங்க, அந்த வீட்டுல ரொம்ப நாளைக்குப் பெறகு கேட்ட சந்தோசமான சத்தம் அது.

கல்யாணத்தன்னைக்கு நாங்கெல்லாம் பஸ்ஸுல போனோம். அய்யா முந்தின நாளே மாட்டுவண்டியில கெளம்பிட்டாரு, வெடி லோடு பஸ்ஸுல ஏறக்கூடாதாம். வண்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் சிவப்புக் கொடி. உடம்பைச் சுத்தி ஈரச்சாக்கு. ராக்கப்பன் பக்கத்துல உக்காந்து வழிநெடுக ஒரு சொம்பு சாக்குமேல ஊத்துவாரு, ஒரு சொம்பு வாயில ஊத்துவாரு, உள்ளயும் நமுக்கணும்ல! விருதுநகருக்குள்ள வண்டி நுழைஞ்சப்ப தெருவே ஒதுங்கி நின்னு வேடிக்கை பாத்துச்சாம்.

சம்பந்தி வீட்டுப் பந்தல்ல அய்யா சொட்டச் சொட்ட வந்து உக்காந்தாரு. மேல பட்டு, அதுக்குமேல சாக்கு. வயிறு தண்ணியில இன்னும் வீங்கி நிக்குது. மாப்பிள்ளை லட்சுமிகாந்தம் என் பக்கத்துல உக்காந்திருந்தாக, சம்பந்தி சண்முகவேல் முடிஞ்ச மட்டும் பின்னால சாஞ்சு உக்காந்திருந்தாக. அன்னிக்கு யாரும் வெடி போடக்கூடாதுன்னு சம்பந்தி கண்டிப்பாச் சொல்லியிருந்தாக. மேளக்காரருக்குச் சொன்னாக, சமையல்காரருக்குச் சொன்னாக, வெடி போடுற ஆளுக்குச் சொல்ல மறந்துட்டாக.

அய்யா என் கையைப் பிடிச்சாரு. அந்தக் கை கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. அவரு என்னைத் தொட்டே எம்புட்டு நாளாச்சு! சொம்பைச் சாய்க்கப் போறாரு, வெளிய டமார்னு அதிர்வேட்டு.

அம்புட்டுச் சனமும் அய்யாவை விட்டு ஓடுச்சு. மேளத்தைப் போட்டுட்டு மேளக்காரரு ஓடுறாரு, சம்பந்தி வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடுறாக, கையில தாலியோட மாப்பிள்ளையும் ஓடுறாக. அதை நான் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். அய்யா என்ன செஞ்சாரு தெரியுமா? சொம்பைக் கீழ போட்டுட்டு, என்னை விட்டு ஓடுனாரு. பந்தலுக்குப் பின்னால சம்பந்தி வீட்டு வத்தல் களம். ஆளில்லாத அந்தக் களத்து நடுவுல, காயப்போட்ட வத்தலுக்குள்ள போயி, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு வயித்தை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "யாரும் வராதீக! தாயி, நீ கிட்ட வந்துராதே! தூரப் போயிரு!"ன்னு கத்துறாரு.

தனியா வெடிக்கிறதுக்குப் போயி நிக்குறாரு எங்க அய்யா. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு அழுகை. மாலையோட, கூரைச்சேலையோட வத்தலை மிதிச்சுக்கிட்டுப் போயி, அந்த ஈரச்சாக்கோட சேத்து அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "வெடிங்கய்யா! வெடிச்சா ரெண்டு பேரும் போவோம்!"னேன். அவரு திமிறுனாரு. நான் இன்னும் இறுக்குனேன்.

வந்துச்சு பாருங்க ஒரு ஏப்பம்! ஆவணி வரைக்கும் அடக்கி வச்சிருந்த அம்புட்டுக் காத்தும் ஒண்ணா வந்துச்சு. பந்தல்ல ஒளிஞ்சிருந்த சனம் இன்னொரு தடவை கீழ படுத்துருச்சு. அய்யா ஒரு கண்ணை மட்டும் தொறந்து தன் வயித்தைத் தடவிப் பாத்தாரு. அப்புறம் என் முகத்தைத் தடவிப் பாத்தாரு, கை காது எல்லாம் இருக்கான்னு. "உனக்கு ஒண்ணும் ஆகலையே தாயி?"ன்னாரு. "ஒண்ணும் ஆகலைய்யா"ன்னேன்.

அய்யா பந்தல் பக்கம் திரும்பி, "அக்கினியை இங்கன கொண்டாங்க, என் மகளுக்கு நான் தாரை வார்க்கணும்!"னு குரல் குடுத்தாரு. ஒருத்தர் அசையல. அய்யா ஈரச்சாக்கைக் கழட்டிக் கையில சுத்திக்கிட்டு அவரே நடந்து போனாரு. அக்கினி எரிஞ்ச தீச்சட்டியைச் சாக்கோட சேத்துப் பிடிச்சு, பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்குச் சட்டி எடுக்குற மாதிரி, நெஞ்சுக்கு நேரா ஏந்திக்கிட்டு என்கிட்ட வந்தாரு.

ஓடுன சனமெல்லாம் திரும்பி வர, சட்டியை ஒரு கையால சாக்கோட அணைச்சுக்கிட்டு மறு கையால அய்யா தாரை வார்க்க, அந்தக் களத்துலதான் எனக்குத் தாலி ஏறுச்சு. சட்டியில இருந்து ஒரு கங்கு வத்தல்ல விழுந்து கமறி, மாப்பிள்ளை தும்ம, சம்பந்தி இரும, எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. அய்யா கண்ணுலயும்தான். அவரு சட்டியை மட்டும் கீழ வைக்கவே இல்ல.