ஆடியில் வந்த கப்பல்கள்

என் வீட்டுக்காரர் கிளீட்டஸ் மீன்பிடிக்க பஹ்ரைனுக்குப் போவதா வேண்டாமா என்பதை ரோமும் கார்த்தேஜும் முடிவு செய்யும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. 2011இல் என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில், அந்த இரண்டு பழைய நாடுகளும் கப்பல் விட்டுச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் விளையாட்டில் ஒரு மாதம் நகரும். அவர் ஆடி முடித்ததும் நான் ஆட வேண்டும்.

விசா வந்துவிட்டது. போகாதீங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் அவரே சொன்னார்: "ஏட்டி விக்டோரியா, இதுல நீ ஜெயிச்சா நான் போவல. நான் ஜெயிச்சா பெறவு நீ வாய் தொறக்கப்பிடாது."

வள்ளத்தில் ஏறாதவளிடம் தோற்கவா போகிறோம் என்ற தெம்பு அவருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி என்றேன்.

அவர் ரோம், நான் கார்த்தேஜ். ஜனவரி வந்ததும் கப்பல்களையெல்லாம் என்மேல் ஏவினார். எங்கள் குளச்சலில் தை மாதக் கடல் குளம்போலக் கிடக்கும். விளையாட்டுக் கடலிலோ புயலடித்துப் பாதிக் கப்பல் முங்கியது.

"கம்ப்யூட்டரு கள்ளத்தனம் காட்டுது," என்று மேசையைக் குத்தினார்.

எனக்கு அது ஏன் என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. சண்டையை விட்டுவிட்டு, மாதம் ஒரு சின்னக் கப்பலை வெளியே அனுப்பிப் பார்த்தேன். மே, ஜூன், ஜூலையில் போனவை கீறல்கூட இல்லாமல் வந்தன. டிசம்பரில் போனது வரவே இல்லை.

"ஒத்தக் கப்பல வச்சு என்னட்டீ பண்ணுத? கருவாடு யாவாரமா?" என்று கேலி செய்தார்.

அடுத்த ஜூலையில் அவர் கப்பல்களைத் துறைமுகத்தில் அடைத்துவிட்டு, காவல் படையையும் வடக்கே சண்டைக்கு அனுப்பினார். ஆனி, ஆடியில் கடல் சீறும்போது வள்ளங்களைத் தென்னைமூட்டுக்கு ஏற்றிப் பழகின கை அல்லவா! நான் என்னிடம் இருந்த கப்பலையெல்லாம் இறக்கினேன். ரோம் விழுந்தது.

"ஆடி மாசம் எவன்டீ கப்பல் எறக்குவான்?"

"அது நம்ம கடல் இல்ல. அதுக்க மாசம் வேற."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, போன வருடம் பஹ்ரைன் போன பக்கத்து வீட்டு யேசுரத்தினத்தைக் கூப்பிட்டார். வரவில்லை என்று சொல்லப் போகிறார் என நினைத்தேன்.

"மக்கா, அங்க கடலு எந்த மாசம்லே கெடும்?"



"மாசமா? அதெல்லாம் இங்க ஆரு பாக்கா? மொதலாளி போவச் சொன்னா போவோம்."

அவர் பேச்சை முடித்துக் கைபேசியைக் கீழே வைத்தார். "நான் போவல," என்றார். பந்தயத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை. ஜெயித்த சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, கிணற்றடியில், யேசுரத்தினத்தின் பெண்சாதி ஷிஜி வாளியோடு நின்றிருந்தாள்.

"அவருக்க சத்தம்லா கேட்டுது? என்னக்கா சொன்னாரு?"

"நல்லா இருக்காராம்," என்றேன்.