இருபது றக்அத்தும் நான்கு அடியும்

ஹாஜறாவின் வீடும் தங்கை நதீராவின் வீடும் கல்முனையில் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. இரண்டும் வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தவை. ஒருத்தி எப்போது எழும்பினாள், எப்போது படுத்தாள் என்பது மற்றவளுக்குத் தெரியாமல் போகாது. நதீரா பகலில் படுப்பதை ஹாஜறா இரண்டு வருடமாகப் பார்த்து வந்தாள்.

நதீராவுக்குப் பைப்ரோமயால்ஜியா. தசையில் புண் இல்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. வலியை அறிவிக்கும் நரம்புகளும் மூளையும் சின்ன உளைவைக்கூடப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. தினமும் அளவாக நடந்தால் நோவு மெல்லக் குறையும். ஒரே மூச்சில் அதிகம் செய்தால் அடுத்த நாள் உடம்பு முழுக்க நோகும். ஹாஜறாவுக்கு இது பிடிபடவில்லை. நோன்பு மாதம் தொடங்கி, பெண்கள் தொழும் தைக்காவில் தங்கை கதிரையில் இருந்தபடி நோன்புகால இரவுத் தொழுகையான தறாவீஹ் தொழுததைக் கண்டதும், நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

“சந்தைக்குப் போகக் கால் இரிக்கி. தொழத்தான் கதிரை வேணுமாக்கும்.”

அந்தக் கிழமைதான் கிளினிக்கில் நதீராவுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். அதை ஏழு நாள் இடுப்பில் மாட்டியிருந்தால் எத்தனை அடி நடந்தாள் என்று எண்ணிவைக்கும். அந்த எண்கள் ராத்தாவின், மூத்தவளின், வாயை அடைக்கும் என்று நம்பி, எட்டாம் நாள் ஹாஜறாவையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள்.

எண்கள் அவளுக்கு உதவவில்லை. சந்தைக்குப் போன திங்கட்கிழமை 4,210. புதன் 1,340. வியாழன் வெறும் 610. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் நிறோசா, நடை மிகக் குறைவு என்றும் இனி நாளுக்கு ஐந்நூறு அடி கூட்டலாம் என்றும் சொன்னாள். ஹாஜறா எண்கள் எழுதியிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். புதன்கிழமை நடக்கவே இல்லையே, பிறகு வியாழன் முழுக்க ஏன் படுத்துக் கிடந்தாய் என்று கேட்டாள்.

“புதன்கிழமை நீங்க மாவடிப்பள்ளி ஊருக்கு நோன்பு திறக்கப் போனீங்க. அண்டைக்கு நான் இருபதும் நிண்டு தொழுதன் ராத்தா. நீங்க தைக்கால சொன்ன கதைக்குத்தான்.”

நிறோசா மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள். இருபது என்றால் என்னவென்று கேட்டாள். தறாவீஹில் இருபது றக்அத், ஒவ்வொன்றிலும் நின்று, குனிந்து, நெற்றியை இருமுறை நிலத்தில் வைக்கவேண்டும் என்றாள் நதீரா. அப்படியென்றால் நிலத்திலிருந்து ஏறக்குறைய இருபது தடவை எழும்பவேண்டும். நிறோசா கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். குதிகால் நிலத்தில் படும்போது இடுப்பில் வரும் அதிர்வைத்தான் இது எண்ணுகிறது. ஒரே இடத்தில் எழும்புவதும் அமர்வதும் இதற்குத் தெரியுமோ என்னவோ.

நதீரா தொழுது காட்டுகிறேன் என்றாள். மறுபடி நோவு கூடும் என்று நிறோசா விடவில்லை.

“தாங்க அத. நான் இன்னும் லுஹா தொழல்ல,” என்று முற்பகல் தொழுகையை நினைத்துச் சொன்னாள் ஹாஜறா.

தொழுகைக்காக முகம் கைகால் கழுவிய வுழூ அவளுக்கு இருந்தது. கருவியை இடுப்பில் மாட்டி, திரைக்குப் பின்னால் பயிற்சிப் பாயில் இரண்டு றக்அத் தொழுதாள். இரண்டாவதற்கு எழும்பும்போது முழங்காலில் கையூன்ற வேண்டியிருந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் நிறோசா கருவியைப் பார்த்தாள். நான்கு அடி.

நிலத்திலிருந்து எழும்புவதென்றால் உடம்பின் பாரம் முழுவதையும் தொடைகள் தூக்கவேண்டும், ஓர் அடி எடுத்து வைப்பதைவிட அது எவ்வளவோ கடினம் என்று நிறோசா விளக்கினாள். தான் சொன்ன ஐந்நூறைத் தாளில் வெட்டினாள். தொழுகையையும் அடிக்கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வரச் சொன்னாள். வியாழக்கிழமை முழுக்கப் படுத்ததும் சரியில்லை, நோகிற நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவேண்டும் என்றாள். ஹாஜறா தாளை மறுபடி எடுத்து வியாழக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவ சும்மா படுக்கல்ல,” என்றாள்.

இன்றைக்கு எத்தனை றக்அத் நின்று தொழலாம் என்று நதீரா கேட்டாள். இரண்டில் தொடங்கி, மறுநாள் நடை குறையாவிட்டால் நாலாக்கலாம் என்றாள் நிறோசா.

“அவக்கு ரெண்டே காணும் மிஸ். நோன்பு முடியுமட்டும் ரெண்டு போதும்,” என்றாள் ஹாஜறா.

“அத நான் சொல்லுவன் ராத்தா,” என்று சொல்லி, நதீரா தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.